நாங்குநேரியில் வேகாத பருப்பு

சென்ற தை மாதம் எங்கள் காப்பி கிளப்பின் பன்னிரண்டாவது கடைக்கு வள்ளியூரில் இடம் பார்த்தார்கள். நான் வேலையிலிருந்து விலகி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. பழைய ஆள் என்பதால் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாடகைக்கு எடுக்கவிருந்த கட்டடத்தின் முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியிருந்தது. அடுப்பில் ஒரு புதுப் பானை. அதன் கழுத்தில் மஞ்சள் கிழங்கு கட்டியிருந்தது. பக்கத்தில் ஓர் அர்ச்சகர். அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஓர் உழக்குத் துவரம்பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொதித்து முடிந்ததும் கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிறகு பானையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வாழைமரத்தடியில் கவிழ்க்கப் போனார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்று சொல்லி, அகப்பையை விட்டு நாலு பருப்பை எடுத்து விரல்களுக்கிடையில் வைத்து நசுக்கினேன். அர்ச்சகர் முகம் சுளித்தார். புது மானேஜர், காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவர், நல்ல பிள்ளை. என் காதருகே வந்து பைய கேட்டார்: "அண்ணாச்சி, இது எந்தச் சாமிக்கு?"

எந்தச் சாமிக்கும் இல்லை. அன்று அத்தனை பேருக்கு நடுவில் சொல்ல வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். அந்த வாக்கைத்தான் இப்போது, வெகுதானிய வருஷம் ஐப்பசி மாதத்தில், நிறைவேற்றுகிறேன். கையில் என் பழைய குறிப்பு நோட்டுகள் இருக்கின்றன. ஞாபகத்தை நம்பி எழுதுவதையும் நோட்டைப் பார்த்து எழுதுவதையும் வாசிப்பவர்கள் பிரித்து அறியும்படி சொல்ல முயல்வேன். முக்கியமான ஓர் இடத்தில் நான் நோட்டில் எழுதியதை வாசிக்காமல் கெட்டவன். அதையும் மறைக்கமாட்டேன்.

எனக்கு ஊர் பாளையங்கோட்டை. இருபத்து நாலு வயது வரை ஒரு வக்கீல் ஆபீசில் நகல் எழுதினேன். எந்தப் பத்திரத்தை எடுத்தாலும் முதல் வரியில் வருஷம், மாதம், தேதி இருக்கும். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. வக்கீல் காலமானதும் ஆபீஸ் மூடப்பட்டது. பராபவ வருஷம் ஆவணியில் குற்றாலிங்கம் பிள்ளையின் காப்பி கிளப்பில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷத்தில் இலை போட்டேன், காப்பி ஆற்றினேன், மளிகை பார்த்து வாங்கினேன். அதைப் பற்றி எழுத அதிகமில்லை. கையில் சூடு பட்டது, கற்றுக்கொண்டேன்; அவ்வளவுதான்.

முதலாளி குற்றாலிங்கம் பிள்ளையைப் பற்றித்தான் எழுத வேண்டும். தென்காசிப் பக்கம் தண்டவாளம் போட்ட காலத்தில் அவர் விறகுக் கடை வைத்திருந்தார். ரயில் ஓடத் தொடங்கியதும், வண்டியை விட்டு இறங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் தண்ணீரையும் பிறகு சோற்றையும் தேடுவதைப் பார்த்தார். விறகுக் கடையில் பாதியைக் காலி செய்து, பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஆற்றுப் பாலத்தடியில் முதல் கிளப்பைத் திறந்தார். அடுத்தது சேரன்மகாதேவி ஸ்டேஷன் எதிரே, அதற்கடுத்தது அம்பாசமுத்திரத்தில். மூன்றுக்கும் ஜனங்கள் வைத்த பெயர் ஒன்றுதான்: பிள்ளைவாள் கிளப்.

மூன்று கடையிலும் ஒரே ருசி இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "அம்பாசமுத்திரத்துல சாப்பிட்டவன் பாலத்தடியில வந்து சாப்பிட்டா, 'இதே கையி'ன்னு சொல்லணும்வே" என்பார். கையோ மூன்று. அதனால் இடிசாம்பாருக்கு மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு எல்லாம் பாலத்தடியிலேயே வறுத்து இடித்து, காலை வண்டியில் தகர டப்பாவில் போகும். துவரம்பருப்பு மூட்டையும் இங்கிருந்துதான் போகும். மற்றதெல்லாம் அந்தந்தக் கடையின் தவசிப்பிள்ளை பொறுப்பு. சமையல்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

முதலாளி எந்தக் கடைக்கு எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். "முதல் பந்தியில சாப்பிட்டா சமையல் தெரியும். கடைசிப் பந்தியில சாப்பிட்டாத்தான் கடை தெரியும்" என்பது அவர் வாக்கு. சோறு வைப்பதற்கு முன், இலையின் நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, மேட்டில் ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றச் சொல்வார். பருப்பு நன்றாகக் கரைந்திருந்தால் சாம்பார் ஒரே உடம்பாக மெல்ல இறங்கும். கரையாவிட்டால் தண்ணீர் முன்னே ஓடிவிடும், பருப்பு பின்னே நிற்கும். அப்படி ஆனால் தவசிப்பிள்ளையைக் கூப்பிடமாட்டார், திட்டமாட்டார். "தண்ணி ஓடுது, பருப்பு நிக்குது" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, அந்தச் சாம்பாரையே ஊற்றி முழுவதும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். திட்டியிருந்தால் தேவலை என்று தவசிப்பிள்ளைகள் சொல்வார்கள்.

கடை மூன்றானதும் அவரால் எல்லா இடத்துக்கும் போக முடியவில்லை. என்னை மேல்பார்வையாக வைத்தார். வாரம் ஒருமுறையாவது ஒவ்வொரு கடையிலும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, பார்த்ததைக் குறித்து வைக்க வேண்டும். என் நோட்டில் தேதி, கடை, பந்தி, சாம்பார் ஓடியதா இறங்கியதா என்று பத்தி பிரித்துக் கோடு போட்டிருந்தேன். கடைசிப் பத்தியில் மழை. விறகு நனைந்திருந்தால் அடுப்பு சரியாக எரியாது. அதைத் தவசிப்பிள்ளையின் குற்றமாக எழுதிவிடக் கூடாதே என்பதற்காக அந்தப் பத்தி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சேர்ந்து நாலு வருஷம் கழித்து, சாதாரண என்னும் வருஷத்து ஐப்பசியில், நாங்குநேரியில் நாலாவது கடை திறந்தோம். வானமாமலைப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள், நாகர்கோவில் போகும் வண்டிக்காரர்கள் எல்லோரும் தங்கும் ஊர். "ரயிலை விட்டுத் தள்ளிப் போட்ட முதல் கடை" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னோம். ஆற்றை விட்டுத் தள்ளிப் போட்ட முதல் கடையும் அதுதான். அதை எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவுமில்லை.

அந்தக் கடைக்குத் தவசிப்பிள்ளையாகப் போனவர் ஆவுடையப்பன் அண்ணாச்சி. முக்கூடல்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சேரன்மகாதேவிக் கடையில் அவர் வைத்த சாம்பாருக்காக, அம்பாசமுத்திரம் போக வேண்டியவர்கள் நடுவில் இறங்கி அடுத்த வண்டியில் போனதுண்டு. வாய் கொஞ்சம் நீளம். நான் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வருவதைக் கண்டால், "வாரும்வே, சித்திரகுப்தன்! இன்னைக்கு என் பாவம் எத்தனை?" என்று அடுப்பங்கரையிலிருந்தே சத்தம் கொடுப்பார். சாப்பிட வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அவருக்கு அது தெரியும்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் நாங்குநேரிப் பக்கங்களில் ஒரு குறையும் இல்லை. தை பிறந்தது, மழை நின்றது. தை கடைசியில் முதல்முறையாக, "தண்ணீர் ஓடிற்று" என்று எழுதியிருக்கிறேன். மாசியில் அது வழக்கமாகிவிட்டது. அண்டாவில் பருப்பு முழுசு முழுசாக மிதந்தது. அண்ணாச்சி துடுப்பால் இடித்து மசித்துப் பார்த்தார், விறகைக் கூட்டிப் பார்த்தார்.

"மாட்டேங்குதுவே" என்றார் ஒருநாள். "என்ன பருப்பு அனுப்புதீக? போன தலைமொறைப் பருப்பா? விடியக் கருக்கல்ல அடுப்புல வச்சேன். உச்சி வந்துட்டு. இன்னும் பல்லக் காட்டிக்கிட்டுக் கெடக்கு!"

பருப்பு வாங்குவது என் பொறுப்பு. எனக்குச் சுருக்கென்றது. "அதே மூட்டைதான் அண்ணாச்சி மத்த மூணு கடைக்கும் போவுது. அங்கன கரையுது, இங்கன கரையாதோ?"

"அப்ப நான் என்ன, பருப்புக்கு மந்திரமா போட்டு வச்சிருக்கேன்?"

"அத நீங்கதான் சொல்லணும்."

அன்று இரவு வண்டியில் திரும்பும்போது எனக்குள் ஒரு கணக்கு ஓடிற்று. பழைய பருப்பு வேகாது. நாங்கள் அனுப்புவதோ புதுப் பருப்பு. மற்ற கடைகளில் அது வேகிறது. அப்படியானால் நாங்குநேரி அண்டாவில் கிடப்பது எங்கள் பருப்பு இல்லை. நல்ல பருப்பை வெளியே கொடுத்துவிட்டுப் பழசை வாங்கி யாரோ மாற்றுகிறார்கள். சாமான் அறையான உக்கிராணத்தின் சாவி ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம். நோட்டில் எழுதினேன்: "ஆவுடையப்பன் பருப்பை மாற்றுவதாகச் சந்தேகம்." நேரில் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவரை எழுத்தில் அப்படி எழுதினேன். வக்கீல் ஆபீஸ் புத்தி.

நாங்குநேரி உக்கிராணத்திலிருந்து ஒரு கைப்பிடிப் பருப்பை வேட்டி மடியில் முடிந்துகொண்டு வந்து, பாலத்தடியில் வேகவைத்துப் பார்த்திருக்கலாம். அரை மணி நேர வேலை. இருபத்தேழு வருஷமாக நான் எனக்கே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. அன்று தோன்றவில்லை. என் எண்ணம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது, அதைச் சோதிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

பங்குனி முதல் வாரம் முதலாளியிடம் சொன்னேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நிமிராமல் கேட்டார்: "பாத்தீரா, நெனைச்சீரா?"

"பாத்த மாதிரிதான்" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் மிகவும் சின்னது அது. விளைவில் அதுவே பெரியது.

மறுவாரம் முதலாளி நாங்குநேரிக்குப் போய்க் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் ஓடிற்று, பருப்பு நின்றது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, உக்கிராணச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. கரண்டியை அண்டாவின் மேல் குப்புற வைத்தார். வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எழுதிட்டீரா, இல்ல இனிமேத்தான் எழுதப் போறீரா?"

நான் நோட்டைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டேன்.

"நல்லா எழுதும். தேதி விட்டுப்போயிராம" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

சமையல்காரர்கள் உலகம் சிறியது. சேதி ரயில் போகும் ஊர்களுக்கு ரயிலிலும், போகாத ஊர்களுக்கு வண்டியிலும் போயிற்று. சித்திரையில் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணச் சமையலுக்கு அவரைப் பேசியிருந்தவர்கள் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். அதை என்னிடம் ஒருவர் பாராட்டாகச் சொன்னார்: "நல்லவேளை, நீங்க கண்டுபிடிச்சீக."

புதுத் தவசிப்பிள்ளையாக அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவரைப் போட்டு, என்னையும் கொஞ்சநாள் நாங்குநேரியில் இருக்கச் சொன்னார் முதலாளி. இந்த முறை மூட்டையை யாரும் மாற்றிவிட முடியாதபடி, பாலத்தடியிலிருந்து நாங்குநேரி வரை பருப்பு மூட்டையின் மேலேயே உட்கார்ந்து போனேன். வண்டிக்காரன், "மூட்டைக்குக் கால் மொளைச்சிருமோ?" என்று கேட்டான். போய் இறங்கியதும் என் கண் முன்னால் மூட்டையைப் பிரித்து, என் கண் முன்னால் அளந்து, என் கண் முன்னால் அடுப்பில் ஏற்றினோம்.

பருப்பு வேகவில்லை.

மறுநாளும் வேகவில்லை. புதியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் கொல்லைப்புறப் படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். தயிர்க்காரி மாடத்தி பானையை இறக்கினாள். தினமும் கொல்லை வாசலில் தயிர் ஊற்றிவிட்டுப் போகிறவள். அன்று எங்கள் கிளப்பில் யார் உள்ளே உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்று நாங்கள் வைத்திருந்த விதிகளை இன்று எழுதக் கூசுகிறது. அந்தத் தடுப்பு இன்னும் முழுவதும் போய்விடவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆறு மாதமாக எங்கள் அடுப்பிலிருந்து பத்தடி தூரத்தில் நின்றிருக்கிறாள். அவளிடம் தயிரைத் தவிர ஒன்றும் கேட்டதில்லை நாங்கள்.

"என்ன பிள்ளைவாள், மொகம் இப்படிக் கெடக்கு?"

"பருப்பு வேக மாட்டேங்குது."

"எந்தத் தண்ணி?"

"என்ன கேக்கே? இந்தா, நம்ம கெணறுதான்."

மாடத்தி கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள், பாருங்கள். தயிர்ப்பானை தளும்பியது. "இந்தக் கெணத்துத் தண்ணியிலயா? ஏ யாத்தே! இது கால் கழுவுத தண்ணில்லா! மழை பெஞ்சா ரெண்டு மாசம் நல்லாருக்கும். வெயில் ஏறிட்டா உப்பு ஏறிரும். இதுல கல்லு வெந்தாலும் பருப்பு வேகாது. ஊருல நாங்க எல்லாரும் பருப்புக்குக் குளத்தங்கரை ஊத்துத் தண்ணிலா எடுக்கோம்?"

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீ?"

"நீங்க கேட்டீகளா? ஆத்துத் தண்ணி குடிச்சு வளந்த ஆளுக, எல்லாம் தெரிஞ்சு செய்யுதாகன்னு நெனைச்சேன்."

அவளிடமே ஒரு குடம் ஊற்றுத் தண்ணீர் வாங்கி, ஓர் உழக்குப் பருப்பைப் போட்டோம். முக்கால் மணியில் கரைந்து குழைந்து நின்றது.

நாங்கள் எல்லோரும் தாமிரவருணிக் கரையில் பிறந்தவர்கள். தண்ணீர் என்றால் எங்களுக்கு ஒரே தண்ணீர்தான். மல்லியின் வகை பார்ப்போம், புளியின் வயது பார்ப்போம், விறகு வேலமரமா புளியமரமா என்று பார்ப்போம். தண்ணீரைப் பார்க்க மாட்டோம். மீனுக்கு அது எப்படித் தெரியும்?

அன்று மத்தியானம் நோட்டைப் பிரித்தேன். எழுதி எழுதிப் பழகியவனே ஒழிய, எழுதியதைத் திரும்ப வாசித்ததில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை மழைப் பத்தி நிறைந்திருந்தது, சாம்பார் பத்தியில் "நன்று". தை முதல் மழைப் பத்தி காலி, "தண்ணீர் ஓடிற்று". மாசி நடுவில் ஒருநாள் மட்டும் எதிர்பாராத மழை. மழை வந்தால் தண்ணீர் இறைக்கும் ஆள், ஒருநாள் வேலை மிச்சம் என்று ஓட்டு இறவாரத்தின் கீழ் அண்டாவை வைத்துவிடுவான். அந்தத் தண்ணீரில்தான் மறுநாள் சமையல். அந்த மறுநாளுக்கு நேரே என் கையெழுத்தில் இருந்த வரியைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டேன். அந்த வரியைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அவர் நிரபராதி என்பதற்கான சாட்சி முழுவதும் என் கக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அப்போதே வண்டி பிடித்துப் பாலத்தடிக்கு வந்தேன். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பாத்த மாதிரிதான்" என்றது பொய் என்பதையும் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"அவன் திருடன்னு யார் யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்."

"அப்ப எல்லாருக்கும் சொல்லணும்லாவே. முதல்ல அவனுக்குச் சொல்லுவோம். எந்திரியும். நோட்டையும் எடுத்துக்கிடும்."

விடிந்ததும் முக்கூடல் போனோம். அண்ணாச்சியின் மனைவி எங்களை உள்ளே கூப்பிடவில்லை. கதவைப் பாதி சாத்திக்கொண்டு பேசினார். "கொழும்புக்குப் போறாக. அங்கன ஒரு சாப்பாட்டுக் கடையில கேட்டிருக்காக. இங்கனதான் ஒருத்தரும் அடுப்புப் பக்கம் விட மாட்டேங்காகளே. நேத்தே தூத்துக்குடிக்குப் போய்ட்டாக. இன்னைக்குச் சாயந்தரம் கப்பல்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்கதானே சித்திரகுப்தன்?" என்று கேட்டார். ஆம் என்றேன். கதவின் மறுபாதியும் சாத்தப்பட்டது.

முதலாளிக்கு நெடும்பயணம் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அன்று அவரும் வந்தார். முக்கூடலிலிருந்து திரும்பி, ரயில் பிடித்து, மணியாச்சியில் வண்டி மாறி, தூத்துக்குடி படகுத் துறைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கப்பல் தூரத்தில் நின்றது. அதற்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் படகுகள் நிரம்பிக்கொண்டிருந்தன. மூட்டையும் தகரப்பெட்டியுமாக இருநூறு பேர் இருக்கும். ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒரு கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துணியில் சுற்றிய அவருடைய சொந்தக் கரண்டி.

முதலாளி அவர் முன்னால் போய் நின்றார். வேட்டியெல்லாம் கரி. "ஆவுடையப்பா, தப்புப் பண்ணிட்டேன். பருப்பு நல்ல பருப்புதான். கெணத்துத் தண்ணி உப்பு. நமக்குத்தான் தெரியாமப் போச்சு. நீ வரணும்."

அண்ணாச்சி எழுந்தார். அவர் கண்ணில் தண்ணீர் தளும்பியதைப் பார்த்தேன். ஆனால் குரல் உறுதியாக இருந்தது. "நீங்க ஒண்ணும் பண்ணல மொதலாளி. எழுதினவரு பண்ணினாரு." என் பக்கம் திரும்பினார். "நோட்டு இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"வாசியும். என்னப் பத்தி எழுதினது பூரா. தையில இருந்து. சத்தமா வாசிக்கணும். திருடன்னு ஊரெல்லாம் கேட்டாச்சு. இதையும் நாலு பேரு கேக்கட்டும்."

வாசித்தேன். சுற்றிலும் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "தை இருபத்தேழு. நாங்குநேரி. கடைசிப் பந்தி. தண்ணீர் ஓடிற்று. மழை இல்லை." "மாசி மூன்று. தண்ணீர் ஓடிற்று. ஆவுடையப்பன் கவனக்குறைவு." "மாசி ஒன்பது. ஆவுடையப்பன் பருப்பை மாற்றுவதாகச் சந்தேகம்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமா" என்றார். அப்புறம் அந்த வரி வந்தது. நிறுத்திவிட்டேன்.

"என்ன, நின்னுட்டீரு? வாசியும்."

"மாசி பதினைந்து. முந்தைய நாள் நல்ல மழை. சாம்பார் மிக நன்று." மூச்சை இழுத்துக்கொண்டேன். "கண்டித்ததின் பேரில் ஆவுடையப்பன் திருந்தியிருப்பதாகத் தெரிகிறது."

ஆவுடையப்பன் அண்ணாச்சி சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம். அப்புறம் வயிறு குலுங்க. "வே, மழை பெஞ்சா நான் திருந்திருவேனாவே? அப்ப நான் மனுசனா, தவளையா?" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எங்கள் முதலாளி சிரித்து நான் பார்த்தது அந்த ஒருதடவைதான். எனக்கு மட்டும் அழுகை வந்தது. அண்ணாச்சி என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "போதும். நோட்ட மூடும்" என்றார்.

முதலாளி, "இனிமே நாங்குநேரிக் கடையில சரிபாதி உன்னுது. உக்கிராணச் சாவியும் உங்கிட்டதான்" என்றார்.

"அது இருக்கட்டும். ரெண்டு காரியம் செய்யணும்" என்றார் அண்ணாச்சி. "நான் திருடலன்னு நாலு கடையிலயும் பந்தியில சொல்லணும். இனி எந்த ஊருல கடை போட்டாலும், வீடு பேசுததுக்கு முன்ன, அந்த ஊருத் தண்ணியில ஒரு உழக்குப் பருப்ப வேகப் போட்டுப் பாக்கணும். பாத்து, அந்த ஊரு ஆளு ஒருத்தரு கையில குடுத்து, வெந்திருக்கான்னு கேக்கணும். நம்ம ஆளுககிட்ட இல்ல. அந்த ஊரு ஆளுகிட்ட."

கப்பல் அவர் இல்லாமல் போயிற்று. அடுத்த பத்து நாளில் முதலாளி நாலு கடைக்கும் போனார். ஒவ்வொரு கடையிலும் பந்தி நடுவில் எழுந்து நின்று, எச்சில் கையோடு, "ஆவுடையப்பன் நல்லவன். குத்தம் எங்களுது" என்று சொன்னார். பேச்சே வராத மனிதர். அந்த நாலு வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பிரயாசை என்பதைப் பக்கத்தில் நின்ற நான் அறிவேன். என்னை அவர் விலக்கவில்லை. அந்த "சந்தேகம்" என்ற வரியை அடித்துவிடவா என்று கேட்டேன். "அடிக்காதேயும். கீழ எழுதும்" என்றார். எழுதினேன். இன்றும் இருக்கிறது.

நாங்குநேரியில் பாதி கொடுத்தது மற்றக் கடைகளிலும் வழக்கமாயிற்று. ஒவ்வொரு கடையிலும் அடுப்பில் நிற்பவருக்கு ஒரு பங்கு. கிளப் பன்னிரண்டாகப் பெருகியதற்கு என்ன ரகசியம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். தம்முடைய கடை என்று நினைத்து அடுப்பில் நிற்கிறவரை மேல்பார்வை பார்க்க வேண்டியதில்லை என்பதுதான். என் வேலை பாதியாகக் குறைந்தது. அதற்காகவும் நான் அந்த இருவருக்கும் கடமைப்பட்டவன்.

மானேஜருக்குப் பதில் இதுதான். பானைக்கு மஞ்சள் கட்டுங்கள், கற்பூரமும் காட்டுங்கள், தடுக்கமாட்டேன். ஆனால் கவிழ்க்காதீர்கள். முதலில் வள்ளியூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் கையில் நாலு பருப்பைக் கொடுத்துக் கேளுங்கள். கொல்லை வாசலில் நிற்பவராக இருந்தால் இன்னும் நல்லது. அன்று நான் நசுக்கிப் பார்த்தேனே, அதுகூடத் தப்பு. நான் பாளையங்கோட்டைக்காரன், ஆற்றுத் தண்ணீர் குடித்தவன்.

இதை எழுதி முடிக்கும்போது தபால்காரர் ஒரு கார்டு கொண்டுவந்து கொடுத்தார். நாங்குநேரி முத்திரை. ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு இப்போது அறுபத்தாறு வயது. கடையை மருமகன் பார்க்கிறார். ஆனால் வருஷந்தோறும் ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள், அவர் கையாலேயே எழுதி எனக்கு ஒரு கார்டு வரும். இருபத்தெட்டாவது கார்டு இது. கோணல் கோணலான எழுத்தில் எல்லாக் கார்டிலும் ஒரே வாசகம்:

"இங்கே நேற்று நல்ல மழை. திருந்திவிட்டேன். தேதி போட்டுக் குறித்துக்கொள்ளவும்."

குறித்துக்கொண்டேன்.